தோட்டத்துக்குள் மட்டும் செல்லும் விலாசம்

தலவாக்கலையில் ஸ்டேசனுக்கு இறங்குகிற படிக்கட்டுக்கு மேலே, ஒரு தையல் கடையின் மாடியில், நாகலெட்சுமி இன்டர்நெட் கடை வைத்திருந்தாள். கடை என்றால் மூன்று கம்பியூட்டர், ஒரு பிரின்டர், ஒரு ஸ்கேனர், மழை பெய்தால் ஒழுகுகிற மூலையில் ஒரு வாளி. கூரையில் ஒரு அன்டெனா இருந்தது. அது எதிர்மலையின் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கோபுரம் ஹட்டனில் இருந்த ஒரு சின்னக் கம்பனிக்குச் சொந்தம். அந்தக் கம்பனி வழியாகத்தான் அவளுடைய கடைக்கு உலகம் வந்து போனது.

சமாதான காலத்தில் திறந்த கடை அது. அவளிடம் வந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்துப் பெண்கள். மகள் குவைத்தில், மகள் ரியாத்தில். அவர்களுக்கு எழுதத் தெரியாது. வாயால் சொல்வார்கள், நாகலெட்சுமி தட்டி அனுப்புவாள். பதில் வந்தால் வாசித்துக் காட்டுவாள். அழ வேண்டிய இடம் வந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு பிரின்டரைத் துடைப்பதுபோல எழுந்து போய்விடுவாள். இந்த ஒரு குணத்துக்காகவே, கீழே இன்னொரு கடை வந்த பிறகும் அவர்கள் மாடிப்படி ஏறினார்கள்.

அவளுக்கு அந்தக் குணம் வந்த கதை பழையது. லிந்துலைக்கு மேலே வாகைமலைத் தோட்டத்தில், மேல் டிவிசன் என்கிற பிரிவில், ஏழாம் லயம், நாலாம் காம்பராவில் பிறந்தவள் அவள். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், அதில் ஒவ்வொரு அறையும் ஒரு காம்பரா. அங்கே தபால்காரர் வரமாட்டார். தோட்டத்துக்கு வருகிற கடிதம் எல்லாம் தோட்ட ஆபீசில் இறங்கும். அங்கிருந்து எப்போது மலை ஏறும் என்பது கிளாக்கர் ஐயாவின் மனதைப் பொறுத்தது. அவர் கடிதங்களைத் திறந்து படிப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் காலை பெரட்டுக் களத்தில், ஆட்களுக்கு வேலை பிரிக்கிற நேரத்தில், கிளாக்கர் ஐயா அவளுடைய அப்பா மாயாண்டியைப் பார்த்து, கொழுந்து நிறை சொல்கிற குரலிலேயே சொன்னார்:

"என்னடா மாயாண்டி, திருச்சியில ஒன் அண்ணன் செத்துட்டானாமே."

கடிதம் அதற்கு மறுநாள்தான் வீட்டுக்கு வந்தது. ஒட்டியிருந்த இடத்தில் சோற்றுப் பசை காய்ந்திருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கவே இல்லை. அன்று நாகலெட்சுமி சிறுமி. ஆனால் ஒன்று அவள் மனதில் ஆணி அடித்ததுபோல நின்றுவிட்டது. கடிதம் போகிற வழியில் ஒரு ஆபீஸ் இருந்தால், அங்கே ஒருவர் உட்கார்ந்து திறப்பார்.

மறுபடியும் யுத்தம் தொடங்கிய பிறகு கடையில் கூட்டம் குறைந்தது. அவளுடைய தம்பி சின்னராசா வத்தளையில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். ஒரு சுற்றிவளைப்பில் அவனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மாதக்கணக்காக வைத்திருந்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். விட்ட பிறகுதான் பயம் கூடியது. சீருடை போடாத ஆட்கள் இரண்டு தடவை அவனுடைய பழைய அறைக்கு வந்து அவனை விசாரித்துவிட்டுப் போனார்கள். அவன் நீர்கொழும்பில் ஒரு சிநேகிதன் மீன் காயவைக்கிற கொட்டகைக்கு, வாடிக்கு, பின்னால் போய் ஒளிந்துகொண்டான். கட்டாரில் ஒரு வேலைக்கு ஏஜென்சி அவன் பெயரைப் பதிந்திருந்தது. பாஸ்போட் கையில் இருந்தது. விசா வரும்வரை யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும்.

அக்காவும் தம்பியும் மெயிலில்தான் பேசிக்கொண்டார்கள். பெயர் எழுதுவதில்லை, ஊர் எழுதுவதில்லை. "தம்பிக்கு", "அக்காவுக்கு", அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் இணைப்பு மெதுவாகி இழுக்கத் தொடங்கியது. நாகலெட்சுமி ஹட்டனுக்கு ஃபோன் போட்டாள். அங்கே ருவன் என்று ஒரு பெடியன் இருந்தான். இணைப்பு இழுத்தால் அவன் எப்போதும் ஒரே வேலையைத்தான் சொல்வான். கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்டச் சொல்வான். அவளுடைய கம்பியூட்டரிலிருந்து கிளம்புகிற செய்தி எந்த எந்த இடத்தைத் தாண்டிப் போகிறது என்று திரையில் வரிவரியாக இலக்கங்கள் விழும். ஒவ்வொரு இலக்கமும் வழியில் நிற்கிற ஒரு பெட்டியின் விலாசம். எந்த வரியில் நேரம் பிடிக்கிறதோ அந்த இடத்தில் கோளாறு. அவள் வாசிப்பாள், அவன் கேட்பான்.

அன்றைக்கு ருவன் ஃபோனை எடுக்கவில்லை. அவளே தட்டிப் பார்த்தாள். முதல் வரி அவளுடைய கடைப் பெட்டி. அது தெரிந்ததுதான். இரண்டாவது வரியில் வழக்கமாகக் கம்பனியின் விலாசம் வரும். அது வரவில்லை. அந்த இடத்தில் பத்தில் தொடங்குகிற ஒரு இலக்கம் நின்றது. அதற்குக் கீழே பத்தில் தொடங்குகிற இன்னொன்று. அதற்குப் பிறகுதான் கம்பனி, கொழும்பு, கடலுக்கு அப்பால்.

ஹட்டனில் கம்பியூட்டர் படித்தபோது அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பத்தில் தொடங்குகிற விலாசம் உள்வீட்டு விலாசம். ஒரு வீட்டுக்குள்ளோ ஆபீசுக்குள்ளோ வைத்துக்கொள்வதற்கு. வெளி உலகத்தில் அது செல்லாது. அப்படியென்றால் வெளி ரோட்டில் அதற்கு என்ன வேலை? போன மாதம் இல்லாத இரண்டு உள்வீடுகள் அவளுடைய கடைக்கும் கம்பனிக்கும் நடுவில் எப்படி வந்தன?

அவள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்மலையில் கோபுரத்துக்குப் பக்கத்தில் அந்த மாதம்தான் ஒரு காவலரண் போட்டிருந்தார்கள். மணல் மூட்டை, தகரக் கூரை, அதற்கு மேலே ஒரு நீளக் கம்பி. வழியில் ஒரு ஆபீஸ் வந்துவிட்டது என்று அவளுக்குப் பட்டது.

அதே வாரம் பாலச்சந்திரன் சேரைப் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணித வாத்தியார். கனடாவில் இருந்த அண்ணனுக்கு அவளுடைய கடையிலிருந்துதான் மெயில் போடுவார். இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். விட்ட கையோடு படியேறி வந்தார். கம்பியூட்டர் பக்கம் போகவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார்:

"தங்கச்சி, நான் இனி வரமாட்டன். அண்ணைக்கு நான் என்ன எழுதினனான் எண்டு அவைக்கு வரி வரியாத் தெரிஞ்சிருக்கு. நீங்களும் கவனமா இருங்கோ."

அவர் இறங்கிப் போகிற சத்தம் அடங்கியது. அவள் போய் மூன்று கம்பியூட்டரையும் அணைத்தாள்.

அடுத்த நாள் ருவன் ஃபோனில் கிடைத்தான். அவன் பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாகப் பேசுவான். அவள் கோளாறு பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அவன் பொறுமையாகவே சொன்னான். வெளி விலாசங்கள் இப்போது தட்டுப்பாடு. அதனால் கம்பனி மலைக்கோபுரப் பெட்டிகளுக்கு எல்லாம் உள் இலக்கம் கொடுத்துவிட்டது. அந்தப் பெட்டிகள் செய்தியை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கொடுக்கிற வேலையைத்தான் செய்கின்றன. அதற்கு உள் இலக்கம் போதும். அவள் திரையில் பார்த்தது அதுதான்.

"பய வெண்ட எப்பா, நங்கி, பயப்பட வேணாம்," என்றான். "அந்த நம்பர் ஊர் முழுக்க ஆயிரம் எடத்தில இருக்கு. எல்லாம் அவனவன் வீட்டுக்குள்ள மட்டும்தான். வெளியால இருந்து அந்த நம்பரத் தேடிக்கிட்டு யாரும் வர ஏலாது."

அங்கே யாராவது உட்கார்ந்து திறந்து படிப்பார்களா என்று கேட்டாள். ருவன் சிரித்தான். அதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது என்றான். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. படிக்கிறவனும் இதையேதான் சொல்லுவான். கிளாக்கர் ஐயாவிடம் போய்க் கேட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

சின்னராசாவின் மெயில் வந்தது. ஏஜென்சி பிறப்புச் சான்றிதழும் நான்கு போட்டோவும் கேட்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள், ஸ்கேன் பண்ணி அனுப்பு அக்கா என்று எழுதியிருந்தான். சான்றிதழும் அவனுடைய போட்டோக்களும் மேல் டிவிசனில் அம்மா காளியாயியின் தகரப் பெட்டியில் இருந்தன. நாகலெட்சுமி போய் எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்கேனரின் மூடியைத் திறந்து சான்றிதழைக் கண்ணாடியில் வைத்தாள். தம்பியின் முழுப் பெயர், அப்பாவின் பெயர், பிறந்த திகதி, தோட்டத்தின் பெயர். இத்தனை நாளும் மறைத்தது எல்லாம் ஒரே தாளில். இது அந்த இரண்டு உள்வீடுகளையும் தாண்டித்தான் போகவேண்டும். மூடியை மூட அவளுக்குக் கை வரவில்லை. தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் "அக்கா, ஏன் பதில் இல்ல?" என்று ஒரு மெயில். அதற்கு மறுநாள் இன்னொன்று. அதைத் திறக்கவே அவள் பயந்தாள். திறந்தால் இவள்தான் திறந்தாள் என்று மலையில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். பஸ்ஸில் போய்த் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வருவது என்று முடிவு செய்தாள். காகிதம் தன் மடியில் இருந்தால் யாரும் நடுவில் திறக்க முடியாது.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தாள். ஹட்டனில் கொழும்பு பஸ்ஸுக்கு மாறினாள். கினிகத்தேனை இறக்கத்தில் பக்கத்து இருக்கைக்காரிக்கு வாந்தி வந்தது. தன் பையிலிருந்த தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தாள். சமவெளிக்கு இறங்கி வெயில் ஏறியபோது மனம் கொஞ்சம் இளகியது. அப்போதுதான் பஸ் நின்றது. சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அவளுடைய அடையாள அட்டையில் டவுன் விலாசம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பெண் பொலிஸ் ஒருத்தி பையைக் கிளறி உறையை எடுத்தாள். உறைக்குள் பிறப்புச் சான்றிதழோடு ஒரு இளைஞனின் முகம் நான்கு முறை இருந்தது.

பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது. அவளை ஒரு வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள். அதிகாரி வயதானவர், அதட்டவில்லை. போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் இவன் என்று சிங்களத்தில் கேட்டார். தம்பி என்றாள். எதற்குக் கொண்டு போகிறாய் என்றார். வேலைக்கு என்றாள். இவன் எங்கே என்றார். தோட்டத்தில்தான் இருக்கிறான் என்று பொய் சொன்னாள். தோட்டத்தில் எங்கே என்றார்.

பேனா தயாராக இருந்தது. அந்தக் கணத்தில்தான் ருவன் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. உள்ளுக்குள் மட்டும் செல்லுகிற இலக்கம், வெளியிலிருந்து அதைத் தேடிக்கொண்டு யாரும் வர முடியாது.

லிந்துலை, வாகைமலைத் தோட்டம் என்றாள். ஏழாம் லயம், நாலாம் காம்பரா.

வீதியின் பெயர் கேட்டார். வீதி இல்லை என்றாள். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். மேல் டிவிசன் என்கிற சொல் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினாள்.

"எச்சரய் சேர்," என்று சிங்களத்திலேயே சொன்னாள். அவ்வளவுதான்.

அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெயில் சாயும்வரை அவளை உட்கார வைத்திருந்துவிட்டு, உறையையும் கொடுத்து, வருகிற பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டார். பஸ்ஸுக்குள் பயம் தீராமல் உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆனால் உள்ளே எங்கோ ஒரு ஓரத்தில் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட திருப்தியும் இருந்தது. வாகைமலையில் இரண்டு டிவிசன். இரண்டிலும் ஏழாம் லயம் உண்டு. அந்தத் துண்டுத்தாளை வைத்துக்கொண்டு யார் வந்தாலும் மலைக்கு மலை சுற்றவேண்டியதுதான்.

சின்னராசா அவளை வாடி வாசலில் கண்டதும் முதலில் சந்தோசப்படவில்லை.

"என்னாக்கா, கிறுக்கா ஒனக்கு?" என்றான். "அனுப்புனா ஒரு நிமிசத்தில வந்திருக்கும். இத்தன செக் பொயின்ட்டுக்கு நடுவால கொண்டாந்திருக்கியே."

அவள் சாவடி நடந்ததை அவனிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஏஜென்சிக்குத் தாள் போய்ச் சேர்ந்தது. சில வாரத்தில் அவன் விமானம் ஏறினான். கட்டாரிலிருந்து அவன் பேசியபோது அம்மா காளியாயி ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள்.

ஆனால் அதற்கு முன்பே, அவள் நீர்கொழும்பிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமையே, வாகைமலைக்கு ஒரு ஜீப் வந்திருந்தது.

மலை மலையாகச் சுற்றவேண்டும் என்று அவள் நினைத்தது பிழை. ஜீப்பில் வருகிறவர்கள் சுற்றமாட்டார்கள். தார் ரோட்டிலிருந்து திரும்பினால் முதலில் வருவது கீழ் டிவிசன். அங்கேயும் சுவரில் ஏழு என்று போட்ட ஒரு லயம் இருந்தது, அதிலும் நாலாவது கதவு இருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் மீனம்மாவும் அவளுடைய மகன் நல்லமுத்துவும் இருந்தார்கள். ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறவன், லீவு நாள் என்று வீட்டுக்கு வந்திருந்தான். சின்னராசாவின் வயதுதான். நான் சின்னராசா இல்லை என்று அவன் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. யாராக இருந்தாலும் இல்லை என்றுதானே சொல்வான். அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யூனியன் தலைவர் கொழும்புவரை போய் வந்த பிறகு விட்டார்கள். அவன் திரும்பி வந்தபோது வலது காது கேட்கவில்லை.

கடைக்கு வந்த பெண் ஒருத்திதான் இதை நாகலெட்சுமியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, ரியாத்துக்கு மெயில் தட்டச் சொன்னாள். நாகலெட்சுமிக்கு விரல் எழுத்தில் விழவில்லை.

அந்த நாட்களில் பாலச்சந்திரன் சேர், தான் மாற்றலாகி வவுனியாவுக்குப் போவதைச் சொல்ல வந்தார். அவளுக்குத் தாங்கவில்லை, அந்த இலக்கங்களைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ தங்கச்சி, அது உங்கட லைனால இல்லை. அண்ணைக்குப் போட்டதை எல்லாம் இஞ்சதானே பிரின்ட் எடுத்தனான். அதுகளை ட்ரங்குப் பெட்டியிலையே அடுக்கி வச்சிருந்தனான். பெட்டியைத் திறந்து எடுத்தவை."

இணைப்பு எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. அதில் ஒரு நிமிடத்தில் போயிருக்க வேண்டிய தாளைத்தான் அவள் துப்பாக்கிகளுக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கீழ் டிவிசனுக்குப் போனாள். மீனம்மா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். காளியாயி மகள் என்றதும் உள்ளே கூப்பிட்டுப் பலகை போட்டாள். நல்லமுத்து சுவர் ஓரமாகப் படுத்திருந்தான். நாகலெட்சுமி பேசியபோது இடது காதைத் திருப்பினான். மீனம்மா தானாகவே சொல்லத் தொடங்கினாள்.

"அவங்க கையில ஒரு துண்டு இருந்துச்சாம்மா. எம் மவன் சிங்களம் வாசிப்பான், பார்த்திருக்கான். ஏழு, நாலு. டிவிசன் பேரு இல்லையாம். யாரு சொன்னாங்களோ, அந்த ஒரு வார்த்தைய விட்டுட்டாங்க."

சொல்லாமலே எழுந்து வந்திருக்கலாம். வாய் வரை வந்ததை விழுங்கிப் பழகியவள்தான் அவள். ஆனால் அந்தப் பையன் காதைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"நான்தான் விட்டேன்," என்றாள். "எனக்குத் தெரிஞ்சேதான் விட்டேன்."

அடுப்பில் விறகு வெடித்தது. மீனம்மா மகனைப் பார்க்கவில்லை, இவளையும் பார்க்கவில்லை.

"ஒன் தம்பி போய்ச் சேந்துட்டானா?"

"சேந்துட்டான்."

"அப்ப எந்திரிச்சுப் போ."

அடுத்த முறை அவள் அம்மாவைப் பார்க்கப் போனபோது, பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறுகிற வழியில், கீழ் டிவிசன் லயங்களைக் கண்டு நின்றுவிட்டாள். ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் இலக்கத்துக்குப் பக்கத்தில் கீழ் டிவிசன் என்று கறுப்புப் பெயின்டால் எழுதியிருந்தார்கள். தமிழில் சின்னதாக, சிங்களத்தில் ஆள் உயரத்துக்கு. நல்லமுத்து வீட்டுச் சுவரில் இரண்டு தடவை எழுதியிருந்தது. ஜீப்பில் இருந்தபடியே வாசிக்கலாம்.

மேல் டிவிசனில் சுவர்கள் வெறுமையாக இருந்தன. காளியாயி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கீழ எல்லாரும் எழுதிட்டாங்க பாத்தியா," என்றாள். "நாமளும் எழுதவா, லெட்சுமி?"

நாகலெட்சுமி ஏழாம் லயத்தின் சுவரைப் பார்த்தாள். எழுதினாலும் ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான். கீழே எழுதிய பிறகு, எழுதாத ஏழாம் லயம் இது ஒன்றுதான் மிச்சம். தம்பி பத்திரமாகப் போய்விட்டான். அந்தத் துண்டுத்தாள் இன்னும் யாருடைய பையிலோ இருக்கிறது. இனி வந்தால் பிழையாக வரமாட்டார்கள்.

கீழே ரோட்டு வளைவில் ஒரு வண்டி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அப்படியே நின்று, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.